ஐம்பதுக்கு மேல் விடாதே

நான் எழுதிய அந்த ஒரு வரியை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரே எண்ணிலிருந்து ஐம்பது இணைப்புக்கு மேல் வந்தால் விடாதே, பதில்கூடச் சொல்லாமல் கீழே போட்டுவிடு. சர்வருக்குப் புரியும் மொழியில் அது ஒரே ஒரு வரிதான். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி, சோம்பல் முறித்து, கீழே பேக்கரிக்கு ஃபோன் போட்டு டீ சொன்னேன். அந்த டீயை ஒரு சொட்டு விடாமல் ரசித்துக் குடித்தேன்.

தஞ்சாவூரில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர், ஒரே ஏசி. மற்றவர்களுடைய இணையதளங்களை எங்கள் சர்வர்களில் வைத்து, அவை விழாமல் பார்த்துக்கொள்வது தொழில். விழாமல் பார்ப்பது என் வேலை. எங்கள் தெருவில் இதை விளக்கிப் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றதும் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எங்கள் தெரு திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி, ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அப்பா காலம் வரை எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது பதினைந்து வீட்டுக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சாகுபடி இருக்கிறது. என் அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். இங்கே ஒன்றேகால் ஏக்கரைப் பார்ப்பது அண்ணி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் கல்யாணமாகி வந்தவர். அன்றைக்கு என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தது, எனக்குக் காதோரம் நரைத்த பிறகும் மாறவில்லை.

தை பிறந்தால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரே கவலைதான், அறுவடை மெஷின். வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வருவது கொஞ்சம், முற்றி நிற்பதோ கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எல்லா வயலும். அதிலும் ஈர வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் இறங்கும். அது இன்னும் குறைச்சல். புரோக்கர்கள் அவற்றை மொத்தமாகப் பிடித்துவைத்து ஆட்டம் காட்டினார்கள். அதைப் பொறுக்க முடியாமல் சில விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, முன்பதிவுக்கென்று ஓர் இணையதளம் போட்டார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும். முந்தியவருக்கு மெஷின். அந்தத் தளம் எங்கள் சர்வரில் இருந்தது. அதாவது, என் கையில் இருந்தது.

எங்கள் தெரு வயல்களுக்குத் தனித்தனிப் பாதை கிடையாது. சாலையோரத்து வயலை அறுத்த பிறகுதான் மெஷின் அதன் மேலேறி அடுத்த வயலுக்குப் போக முடியும். அதை அறுத்தால் அதற்கடுத்தது. உள்ளே இருப்பவன் மட்டும் மெஷின் பிடித்துவிட்டு என்ன செய்வது? அதனால் பதினைந்து வீட்டுக்கும் அடுத்தடுத்த நேரம் ஒரே மூச்சில் பதிய வேண்டும். அந்தப் பொறுப்பு அண்ணியுடையது. ஆறு மணிக்கு முன்பே தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்துவிடுவார். மடியில் சர்வே எண்கள் எழுதிய நோட்டு, கையில் ஃபோன், சுற்றிலும் பதினைந்து வீட்டு ஆட்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தந்த வீட்டு ஃபோனுக்கு ஓடிபி போகும். வந்த எண்ணை வந்தவர் கத்த வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர் கத்துவார்கள், அண்ணி மூவரையும் திட்டுவார். இரண்டு வருஷத்துக்கு முன் அரை மணி நேரத்தில் பதினைந்தையும் முடித்துவிட்டார். அதிலிருந்து தெருவில் அவருக்கு 'மெஷின்காரம்மா' என்று பேர். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தத் தளத்துக்கு முன்னால் நான் ஒரு கேஷ் சர்வர் நிறுத்தியிருந்தேன். ரேஷன் கடை வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "சர்க்கரை வரல, பாமாயில் வந்துருக்கு" என்று சொல்லி அனுப்பினால், உள்ளே எடை போடுகிறவர் நிம்மதியாக வேலை பார்ப்பார் அல்லவா, அந்த வாசல் ஆள்தான் அது. எல்லோரும் கேட்கும் ஒரே பக்கத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் தானே கொடுத்து அனுப்பும். உண்மையாகப் பதிகிறவரை மட்டும் உள்ளே விடும். எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

போன வருஷம் தையில், வாரக் கடைசியில் மழை வரும் என்று செய்தி சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கூட்டம் அப்பிக்கொண்டது. ஆறு ஐந்துக்குள் குழுவிலிருந்து முதலாளிக்கு ஃபோன், முதலாளியிடமிருந்து எனக்கு ஃபோன். பக்கம் பாதி திறக்கிறதாம், நின்றுவிடுகிறதாம், பதிகிற நேரம் பார்த்து அறுந்துபோகிறதாம். வீட்டிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்தேன். கேஷ் சர்வர் அலட்டிக்கொள்ளாமல் இருந்தது. பிராசஸர் சும்மா கிடந்தது, மெமரி பாதிகூட நிறையவில்லை. ஆனாலும் இணைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. வேலை செய்யாமல் இருக்கும் ஒன்றை எப்படிச் சரி செய்வது? நெடுநேரம் தேடிய பிறகுதான் அகப்பட்டது. யார் யார் வாசலில் நிற்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அது நிரம்பி வழிந்திருந்தது. பட்டியலில் இடமில்லாவிட்டால், வருகிறவரை வந்த சுவடே தெரியாமல் கீழே போட்டுவிடும். இடத்தை நான்கு மடங்காக்கினேன். பேச்சு மூச்சில்லாமல் நிற்கிற இணைப்புகளைச் சீக்கிரம் கழற்றிவிடச் சொன்னேன். அதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் அந்த நான்கு மடங்கும் நிரம்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்தான் இவ்வளவு வருகிறார்கள் என்று எண் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இணையத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஐபி எண் இருக்கும். மற்ற எண்களில் ஒன்று, இரண்டு, அதிகம் போனால் பத்து இணைப்பு இருந்தது. எட்டே எட்டு எண்களிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்திருந்தன. எட்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். யாருடையவை என்று பார்த்தேன். ஒரு மொபைல் கம்பெனியுடையவை.

புரோக்கர் வேலை என்று முடிவு கட்டினேன். மூட்டை நிறைய சிம் கார்டு வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டர் மூலம் மொத்தப் பதிவையும் அள்ளப் பார்க்கிறான், பாவம் சின்ன விவசாயி வரிசையில் நிற்க, இவன் ஆயிரம் கையால் பிடுங்குகிறான் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். என்னைப் போன்ற வீட்டில் பிறந்து இந்த நாற்காலிக்கு வந்தவளுக்கு இதைத் தடுக்கும் கடமை இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அந்தப் பெருமிதத்தில்தான் அந்த வரியை எழுதினேன். ஐம்பதுக்கு மேல் விடாதே.

திரையில் இணைப்புக் கணக்கைக் காட்டும் வரைபடக் கோடு அப்படியே படுத்தது. பட்டியலில் தாராளமாக இடம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து தளத்தைத் திறந்து பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. முதலாளி பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிரமாதம் என்றார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது என்று குழுவுக்குக் கடிதம் எழுதினேன். முறியடிக்கப்பட்டது என்ற வார்த்தையை நானேதான் தேடிப் போட்டேன்.

மூன்றாம் நாள் விடியும் முன்பே ஆபீஸுக்கு வந்துவிட்டேன். ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு அண்ணி ஃபோன் பண்ணினார். பின்னால் தெருவே கத்துவது கேட்டது.

"பாப்பா, சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணுகூட ஏறல. ஒங்க ஆபீஸ்ல ஏதும் கோளாறா?"

எதிரே திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. ஆபீஸ் வயர் இணைப்பில் தளம் பறந்தது. டவுனில் பதிவுகள் ஏறிக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு எங்களிடம் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் விடாமல், தெருவில் யார் ஃபோனிலும் வரவில்லை, பக்கத்து ஊரிலும் வரவில்லையாம் என்றார். நல்ல தகவல் அது. அதைவிட நல்ல தகவலை சர்வர் எழுதிவைக்கும் எந்த லாகும் எனக்குத் தந்திருக்காது. நான் என்ன செய்தேன்? வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"அண்ணி, ஒங்க ஃபோன் அரதப் பழசு. இதுல நிமிஷத்துக்கு நாப்பது தடவ அமுக்குனா என்ன ஆகும்? ஒரு தடவ அமுக்கிட்டுச் சும்மா இருங்க. தெரியலன்னா வேற யாருகிட்டயாவது குடுங்க."

"சரி பாப்பா" என்று வைத்துவிட்டார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

நான்காம் நாள் காலையிலும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. டவர் கிடைக்காது, உயரமான இடமாகப் பார்த்து நின்று பாருங்கள் என்று ஒரு வரி மெசேஜ் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வானம் மூடிக் கிடந்தது. அண்ணி வயலில் இருக்கிறார் என்றார்கள், நேரே அங்கேயே போனேன். பொன்மணி நெல் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. ஒரு கதிரை உருவி என் கையில் கொடுத்து, இன்னும் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் உதிரும் என்றார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார். கேட்டதற்கு, இரும்பு ஏணியில் சறுக்கிவிட்டது என்றார். எந்த ஏணி என்றேன். தண்ணீர்த் தொட்டி ஏணியாம். நான் உயரமான இடமாகப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளை, புடவையைச் செருகிக்கொண்டு, வாயில் ஃபோனைக் கவ்விக்கொண்டு, தொட்டி உச்சிவரை ஏறியிருக்கிறார். அங்கேயும் வரவில்லை.

தளத்தில் தப்பில்லை என்று காட்டத்தான் என் ஃபோனை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட அவருக்குப் பாடம் எடுக்கிற எண்ணத்தோடுதான் எடுத்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவு திறந்து நான்கு மணி நேரமாகியும், கிடைக்காதவர்கள் எல்லோரும் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் போலிருக்கிறது. என்னுடையது புது ஃபோன், கையில் நாலு கட்டை சிக்னல். அண்ணி எட்டிப் பார்த்து, "ஒன்னதும் சுத்துது" என்றார்.

என் ஃபோனுக்குப் பின்னால் இருக்கும் ஐபி எண் என்னவென்று பார்த்தேன். அந்த எட்டில் ஒன்று.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மொபைல் கம்பெனி ஒரு வட்டாரத்து ஃபோன்களை எல்லாம் ஒருசில எண்களுக்குப் பின்னால் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும். ஊருக்குள் எத்தனை ஃபோன் இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் அந்த எட்டுதான் தெரியும். இது ரகசியம் ஒன்றும் இல்லை. என் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான், ஆயிரம் கையுள்ள ஒரு திருடனைப் பார்த்தேனே தவிர, ஆயிரம் ஆட்களைப் பார்க்கவில்லை. எட்டு எண், எண்ணுக்கு ஐம்பது. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை ஊருக்கும் ஒரே நேரத்தில் நானூறு பேருக்குத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். மீதிப் பேர் தட்டினால், இல்லை என்றுகூடச் சொல்லாதே என்று சர்வருக்குச் சொல்லிவைத்திருந்தேன். டவுனில் வயர் இணைப்பு வைத்திருந்தவர்களுக்குத் தனித்தனி எண். அவர்கள் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டே பதிந்திருப்பார்கள். புரோக்கர்கள் எல்லோரும் டவுனில்தான் இருக்கிறார்கள்.

என்னை வெட்கம் பிடுங்கித் தின்றதற்கு இது மட்டும் காரணம் இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம், எங்கள் தெருவிலிருந்து பத்தொன்பது பெண்கள். தெருவில் அப்போது வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் உள்ளே வர மாட்டார். எல்லோருக்கும் முனை மளிகைக் கடையின் விலாசம்தான், பேருக்குக் கீழே மே/பா என்று போட்டு அதை எழுதுவோம். மனுக்களைப் பார்த்த ஆள், ஒரே வீட்டில் பத்தொன்பது பெண்பிள்ளைகளா, இது ஏமாற்று வேலை என்று கட்டாக ஓரம்கட்டிவிட்டார். அன்றைக்கு நான் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. ஆண்கள் எல்லாம் போனால் போகிறது என்றார்கள். அண்ணி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. எங்கள் பத்தொன்பது பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், அந்த ஆளின் மேஜைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, "எண்ணிக்கிங்க சார்" என்றார். அந்தப் பணத்தில்தான் நான் மேலே படித்தேன். அந்த ஆளை இத்தனை வருஷமாக நான் மன்னித்ததே இல்லை. அவர் மேஜையில்தான் நான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன் என்பது வரப்பில் வைத்துத்தான் தெரிந்தது.

பையில் லேப்டாப் இருந்தது. கம்பெனி ஆட்கள் மட்டும் நுழையும் வேறு வழியாக உள்ளே போய் அந்த வரியை அழித்தேன். அழிக்கவும் ஒரு நிமிடம்தான் ஆனது. என் ஃபோனில் பக்கம் உடனே வந்து நின்றது. ஆனால் அடுத்த ஒன்பது நாளைக்குப் பெல்ட் வண்டி ஒன்றுகூடப் பாக்கி இல்லை.

"ஏதாச்சும் பண்ணுனியா பாப்பா?" என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவரும் நானும் நெல்லும்தான். வாயைத் திறந்தேன், அது தானாக ஒரு பொய்யைச் சொன்னது. "டவர் வந்துருச்சு அண்ணி."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நான் வருகிறேன் என்று கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தார். முதல் வாய் வைப்பதற்குள் தெருவாட்கள் நான்கைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் சாலையோரத்து வயல்காரர், உறவில் எங்களுக்கு மாமா முறை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஒன்பது நாளாகுமாமே என்றார். மற்றவர்கள் புரோக்கரிடமே போயிருக்கலாம் என்றார்கள். ஒருத்தி, தெரியாத வேலையை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். கடைசியாக மாமா அண்ணியைப் பார்த்து, "ஒன்ன நம்பித்தானம்மா உக்காந்திருந்தோம்" என்றார்.

அண்ணி கையில் குழம்புக் கரண்டியோடு நின்றார். "எம் ஃபோனு சரியில்ல மாமா. நாந்தான் அமுக்கி அமுக்கிக் கெடுத்துட்டேன். பாப்பாவே பாத்துச் சொல்லிருச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவர்கள் போனார்கள். அண்ணி திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல், இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, போடுங்கள் என்றேன். போட்டார், சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. பதினைந்து வீட்டு நெல்லும் படுத்துவிட்டது. படுத்த நெல் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. மெஷின் வந்தபோது பாதியைச் சேற்றிலேயே விட்டுவிட்டுப் போனது, எடுத்ததையும் ஈரம் என்று கழித்தார்கள். நான் தஞ்சாவூரில் இருந்தேன். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, நீ இருந்துமா இப்படி ஆச்சு என்றான். கேலியாகத்தான் கேட்டான். நான் மழையைத் திட்டினேன்.

ஆபீஸில் பதிவேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? விதி தளர்த்தப்பட்டது. அவ்வளவுதான். யார் எழுதிய விதி, எதற்குத் தளர்த்தினேன், நான்கு நாளாக யார் யார் வெளியே நின்றார்கள், ஒரு வார்த்தை கிடையாது. முதலாளியும் கேட்கவில்லை. ஐபி எண்ணைக் கொண்டு எண்ணாமல், பதிகிற ஆளைக் கொண்டு எண்ணுகிற மாதிரி பிறகு மாற்றினேன். தினமும் காலையில் மொபைல் இணைப்பிலிருந்தும் சோதிக்கிற மாதிரி செய்தேன். தளம் இப்போது அருமையாக ஓடுகிறது. பாராட்டுகிறார்கள். பாராட்டும்போது முதுகில் பூரான் ஓடுகிற மாதிரி இருக்கும்.

அண்ணி புது ஃபோன் வாங்கினார். நான் சொன்னதை நம்பி வாங்கினார். அடுத்த முறை போனபோது என்னிடம் காட்டி, "இப்ப பாரு, தொட்டதும் வருது. நீ சொன்னது சரிதான்" என்றார். அது பழைய ஃபோனிலும் தொட்டதும் வந்திருக்கும். அழகாக இருக்கிறது அண்ணி என்றேன். த்தூ, நானும் ஒரு மனுஷி.

இந்தத் தையில் பொங்கலுக்குப் போயிருந்தேன். இந்த வருஷத்து மெஷின் பதிவு தொடங்கி இரண்டாம் நாள். காலையில் தண்ணீர்த் தொட்டி மேடை காலியாக இருந்தது. தெருவில் எல்லோரும் மறுபடியும் புரோக்கரிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். அவர் கொடுக்கிற நேரம்தான், அவர் சொல்கிற பேச்சுதான். அண்ணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நீங்கள் பதியவில்லையா என்றேன். நம் வீட்டுக்கும் அவரிடமே சொல்லிவிட்டேன் என்றார். நோட்டு எங்கே என்றேன். பரண் மேல் கிடக்கும் என்றார். பிறகு, கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அதெல்லாம் எனக்கு வராது பாப்பா. நீதான் சொன்னியே, வேற யாருகிட்டயாவது குடுங்கன்னு."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. எண்ணிக்கிங்க சார் என்று மேஜையைத் தட்டிய மனுஷி, தனக்கு ஒரு ஃபோனை அமுக்கத் தெரியாது என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். தெருவும் நம்பிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஃபோனில் ஒன்றும் இல்லை, அமுக்கியதில் தப்பில்லை, டவரில் தப்பில்லை, அந்த நான்கு நாளும் வாசலை அடைத்தது நான். ஐம்பது கணக்கைச் சொன்னேன். எட்டு எண்களைச் சொன்னேன். புரோக்கர் என்று நினைத்ததைச் சொன்னேன். அவர் கை கீரையில் வேலை பார்த்துக்கொண்டே இருந்தது.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அந்த ஞாயித்துக்கெழம அண்ணி. வரப்புல."

கை நின்றது. "சாப்பிடறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

"மாமா வந்து நிக்கும்போது தெரியும்."

"தெரியும் அண்ணி."

"ரெண்டாந்தடவ சோறு வாங்கித் தின்னியே பாப்பா."

அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனார். பரணில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. நோட்டோடு வந்தார். அட்டையில் இருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதை என் கையில் கொடுத்தார். பதினைந்து வீட்டுப் பேரும் சர்வே எண்ணும் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தன.

சாயங்காலம் எல்லோரையும் தொட்டி மேடைக்கு வரச் சொல்லுங்கள், ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கூட்டத்தில் சொல்வது கொஞ்சம் சுலபம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அண்ணிக்கு அது தெரிந்திருக்கும்.

"பதினஞ்சு வீடு இருக்கு பாப்பா," என்றார். "ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லு."

நோட்டைப் பிரித்தேன். முதல் பேர் மாமாவுடையது. எதிர் வரிசையில் மூன்றாவது வீடு, கதவு திறந்துதான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.